அறியாத நாட்டில் ஒரு மாணவன்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



அறியாத நாடொன்றில் பயிலும் மாணவனின் அன்றாட வாழ்வு என்பது விழாக் குழுவினர் நமக்கு அளித்துள்ள தலைப்பு. பெரியவர்களின் சாதனைகளைப் பேசும்படி அவர்கள் கேட்கவில்லை. அயல்நாட்டில் அப்பெரியவர்கள் என்ன உண்டார்கள், எங்கே உறங்கினார்கள், கையிலிருந்த காசை எவ்வாறு செலவிட்டார்கள் என்பதைச் சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. அண்ணல் அம்பேத்கர் பெற்ற பட்டங்களின் பட்டியலை நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று கேட்கிறார்கள். அந்தப் பட்டங்களுக்குப் பின்னால் இருந்த பசியையும் தனிமையையும் எடுத்துச் சொல்வார் அரியர். சொல்லாது விடுவதால், அவர் பிறவி மேதை, அது நம்மால் ஆகாது என்று பிள்ளைகள் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

கடல் கடந்து பயிலாத அரசுப் பள்ளித் தலைமையாசிரியருக்கு இத்தலைப்பில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். அறியாத நாடு கடலுக்கு அப்பால்தான் தொடங்குகிறது என்று கருதுவோர்க்கே அந்த ஐயம் எழும். நம் மக்களுக்கு அது தெருக்கோடியிலேயே தொடங்கியது.

தெருக்கோடியில் தொடங்கிய அயல்நாடு

கொள்ளிடக் கரையை அடுத்த ஆதனூருக்கும் தில்லைக்கும் இடையே தொலைவு அதிகமன்று. ஆயினும் நந்தனாருக்கு அது ‘நாளைப் போவேன்’ என்று சொல்லிச் சொல்லியே நாட்களைக் கழித்த தொலைவாக இருந்தது. வந்து சேர்ந்த பின்பும் ஊருக்குள் நுழையத் தயங்கி எல்லையில் நின்றார் என்றே புராணம் சொல்கிறது. நெருங்கிய ஊரும் ஒரு மனிதனுக்கு எவ்வாறு அயல்நாடாக இருக்க முடியும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

நம் முன்னோர் கடலுக்கு அஞ்சியவர்கள் அல்லர். 1860 முதல் 1911 வரை நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழருள் தென்னார்க்காடு மாவட்டத்தார் பலர். அந்தத் தென்னார்க்காட்டின் ஒரு பகுதிதான் 1993 முதல் நம் கடலூர் மாவட்டமாக விளங்குகிறது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் சென்ற நம் சமூகத்தாரோ கணக்கில் அடங்கார். அவர்கள் கைநாட்டு வைத்துக் கப்பல் ஏறினார்கள். ஊரிலிருந்த ஆண்டையின் வீட்டுத் திண்ணையில் அமர முடியாதவர்களால் பினாங்குக்குப் போக முடிந்தது! எனவே, கடல் கடத்தல் நமக்குப் புதிதன்று. கையில் மண்வெட்டிக்குப் பதிலாகப் புத்தகத்தோடு கடப்பதே புதிது.

அந்தப் புத்தகத்தை நம் வட்டாரத்துப் பிள்ளைகளின் கையில் கொடுத்த பெருந்தகை சுவாமி சகஜானந்தர். 1916இல் அவர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளியைத் தொடங்கினார். எல்லையில் நின்றவரின் பெயரை ஊருக்குள்ளேயே ஒரு கல்விச்சாலைக்குச் சூட்டியது எத்தகைய விடை என்பதை எண்ணிப் பாருங்கள். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அதே ஊரில் எழுந்தது. நம் பிள்ளைகளுக்குக் கூப்பிடு தொலைவில் ஒரு பல்கலைக்கழகம் கிடைத்தது.

ஆனால் கூப்பிடு தொலைவும் தொலைவே. நம் ஆசிரியப் பணியில் ஆண்டுதோறும் கண்டுவரும் ஒன்றை இங்கே சொல்லுதல் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பையன் கல்லூரி விடுதிக்குச் செல்கிறான். தீபாவளி விடுமுறைக்கு ஊர் வந்தவன் திரும்பிப் போவதில்லை. காரணம் கேட்டால் பாடம் கடினம் என்பான். அருகில் உட்கார வைத்து மெல்லக் கேட்டால் உண்மை வெளிப்படும். அலுவலகத்தில் எந்த சன்னலில் பணம் கட்டுவது என்று தெரியவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் இன்னும் கொஞ்சம் சோறு வேண்டும் என்று கேட்கக் கூச்சம். அறையில் உடனிருப்பவர்கள் ஊரையும் தெருவையும் விசாரித்துவிட்டுப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். பாடத்தால் திரும்பியவர்களைவிட இத்தகைய சிறு காரணங்களால் திரும்பியவர்களே நாம் கண்டவருள் மிகுதி. ஆகவேதான் அன்றாட வாழ்வு பேசத்தக்க பொருள் என்கிறோம். அங்கேதான் நம் பிள்ளைகள் தோற்கிறார்கள். வெல்ல வேண்டியதும் அங்கேதான்.

நியூயார்க்கில் ஓர் இளைஞர்

1913ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் நகரில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 22. அவ்வாண்டு பிப்ரவரியில்தான் தந்தையார் இராம்ஜி மறைந்திருந்தார். பம்பாயில் மனைவி இரமாபாயும் கைக்குழந்தையும் இருந்தனர். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுக்கு உதவித்தொகை அளித்தார். படிப்பு முடிந்ததும் பத்தாண்டுக் காலம் பரோடா அரசில் பணியாற்றுதல் வேண்டும் என்பது ஒப்பந்தம்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர் முதலில் ஹார்ட்லி ஹால் என்னும் மாணவர் விடுதியில் தங்கினார். அங்குள்ள உணவு அவருக்கு ஒத்துவரவில்லை. சில நாட்களிலேயே இந்திய மாணவர் சிலர் தங்கியிருந்த காஸ்மோபாலிட்டன் கிளப்புக்கு மாறினார். பின்னர் லிவிங்ஸ்டன் ஹால் விடுதியில் நாவல் பதேனா என்னும் பார்சி மாணவருடன் ஒரே அறையில் வாழ்ந்தார். மாணவச் செல்வங்களே, முதல் வாரத்துச் சோறு பிடிக்காமல் இடம் மாறியவர் அவர். ஆனால் அவர் மாறியது மற்றொரு விடுதிக்கு. ஊருக்குத் திரும்பும் கப்பலுக்கு அன்று. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்துங்கள்.

அவர் உண்டது என்ன? ஒரு கோப்பை காப்பி, மஃபின் என்னும் சிறு ரொட்டி இரண்டு, மீனோ இறைச்சியோ ஒரு தட்டு. இதற்கு ஒரு டாலரும் பத்து சென்டும் ஆயிற்று என்று அவர் வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் குறிப்பிடுகிறார். உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வீட்டுக்கும் பணம் அனுப்பினார். எஞ்சியதைக் கொண்டு பழைய புத்தகக் கடைகளில் நூல்களை வாங்கினார். அவ்வாறு சேர்ந்தவை ஏறத்தாழ 2,000 நூல்கள் என்பர். பொருளாதாரத்தில் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5 என்று அவர் பயின்ற பாடங்களின் கணக்கு நீள்கிறது. பட்டத்துக்கு இத்தனை பாடங்கள் தேவையில்லை. மூன்றாண்டுக்குள் அள்ள முடிந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டார் என்பதே உண்மை.

அந்நாட்டில் அவர் கண்ட பெரும் புதுமை அங்கிருந்த வானளாவிய கட்டடங்கள் அன்று. சாதாரா பள்ளியில் படித்தபோது உட்காரத் தம் வீட்டிலிருந்தே கோணித் துண்டு கொண்டு செல்ல வேண்டியிருந்தது. தாகம் எடுத்தால் பள்ளியின் சேவகர் வந்து குழாயைத் திறந்துவிடுதல் வேண்டும். சேவகர் வராத நாளில் தண்ணீர் இல்லை. அந்தச் சிறுவர்தாம் கொலம்பியாவில் எல்லோரோடும் ஒரே மேசையில் உண்டார், எந்த நாற்காலியிலும் அமர்ந்தார். தமக்கு வாழ்வில் கிட்டிய சிறந்த நண்பர்களுள் கொலம்பியா வகுப்புத் தோழர்களும், டூயி, ஷாட்வெல், செலிக்மன், ராபின்சன் ஆகிய பேராசிரியர்களும் உள்ளனர் என்று 1930இல் அவரே எழுதினார்.

அமெரிக்கா குற்றமற்ற நாடு என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அவருக்கு நாற்காலி கொடுத்த அதே நாட்டின் தென் மாநிலங்களில் கறுப்பு மக்களுக்குத் தனிப் பள்ளியும் தனி இருக்கையும் இருந்தன. அதனை அண்ணல் மறந்துவிடவில்லை. 1946இல் கறுப்பினத் தலைவர் டூ போய்சுக்கு அவர் எழுதிய கடிதத்தில், அம்மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அனுப்பிய விண்ணப்பத்தின் படியைக் கேட்டுள்ளார்.

நியூயார்க் சேர்ந்த சில வாரங்களுக்குள், 1913 ஆகஸ்டில், தந்தையாரின் நண்பர் ஒருவருக்கு அண்ணல் ஒரு கடிதம் எழுதினார். ஆண்பிள்ளைகளின் கல்வியோடு பெண்பிள்ளைகளின் கல்வியும் சேர்ந்து நடந்தால் நம் முன்னேற்றம் விரைந்து நிகழும் என்பது அதன் கருத்து. அயல்நாடு சென்ற இளைஞன் வீட்டுக்கு எழுதும் முதற் கடிதங்களில் கண்ட காட்சிகளை அடுக்குவது வழக்கம். அவரோ, தாம் கண்ட காட்சியிலிருந்து சொந்தச் சமூகத்துக்கு என்ன செய்யலாம் என்று எழுதினார்.

1916 மே 9 அன்று, பேராசிரியர் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளின் தோற்றம், வளர்ச்சி குறித்து ஒரு கட்டுரை படித்தார். வயது 25. சிதம்பரத்தில் நந்தனார் பள்ளி தொடங்கிய ஆண்டும் அதுவே. ஒருவரையொருவர் அறியாத இருவர், இரண்டு கண்டங்களில், ஒரே ஆண்டில் ஒரே சுவரைத் தட்டினார்கள்.

எது அயல்நாடு?

1916இல் அவர் இலண்டன் சென்று பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பை இடையில் நிறுத்தி நாடு திரும்ப நேர்ந்தது. அவருடைய நூல்களை ஏற்றி வந்த கப்பலோ போரில் குண்டடிபட்டு மூழ்கியது.

ஒப்பந்தப்படி பணியாற்றப் பரோடா போய்ச் சேர்ந்தார். அந்நகரில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. இந்து விடுதிகளில் இடம் தரமாட்டார்கள் என்பதால் பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் எழுதித் தங்கினார். மாடியில் வேறு எவரும் இல்லாத தனியறை. பழைய பொருள்கள் குவிந்து கிடந்த கூடம். இரவில் ஓர் அரிக்கன் விளக்கு. பதினொன்றாம் நாள் காலை, கையில் தடியேந்திய பார்சிகள் சுமார் பன்னிருவர் மாடியேறி வந்து, மாலைக்குள் வெளியேற வேண்டும் என்று மிரட்டினார்கள். தெரிந்தவர் இருவரை நாடினார். ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர். இருவரிடமும் அடைக்கலம் கிட்டவில்லை. பம்பாய் வண்டி வரும்வரை பொதுப் பூங்கா ஒன்றில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். அமெரிக்கா, இங்கிலாந்து வாழ்வில் தாம் தீண்டப்படாதவர் என்னும் நினைவே மனத்தை விட்டு மறைந்திருந்தது என்றும், பரோடா நிலையத்தில் இறங்கியபோது எங்கே தங்குவது என்னும் கேள்வி அதனை மீட்டுக் கொணர்ந்தது என்றும் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார்.

இப்போது சொல்லுங்கள். நியூயார்க் அவருக்கு அயல்நாடா, பரோடா அயல்நாடா? மொழி தெரியாத ஊர் அயல்நாடு என்று இலக்கணம் சொல்வோம். நம் மொழியிலேயே நம்மைப் போ என்று சொல்லும் ஊரை என்ன பெயரிட்டு அழைப்பது? பரோடாவில் அவருக்குக் கிடைக்காத அந்த ஓர் அறைதான் பின்னாளில் அரசியல் சட்டத்தின் பதினேழாம் பிரிவாகி நமக்குக் கிடைத்தது என்பதை மறவாதிருப்போம்.

இலண்டனில் அப்பளமும் அடுப்பும்

1920இல் அண்ணல் மீண்டும் இலண்டன் சென்றார். இம்முறை அரச உதவித்தொகை இல்லை. கல்லூரியில் ஆசிரியப் பணி செய்து சேமித்த பணம், கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசரின் உதவி, அறைத்தோழர் பதேனாவிடம் பெற்ற கடன் ஆகியவையே கைம்முதல். நியூயார்க்கில் ஒரே அறையில் வாழ்ந்த நட்பு, ஏழாண்டு கழித்து இலண்டன் கட்டணத்துக்கு உதவியது என்பதைக் கவனியுங்கள். விடுதியில் கிடைக்கும் நல்ல நண்பன் பட்டத்துக்கு நிகரான செல்வம்.

விடிந்ததும் ஒரு துண்டு ரொட்டியும் சிறிதளவு மீனும் உண்டுவிட்டுப் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்துக்கு நடப்பார். மாலையில் நூலகம் அடைக்கும்வரை அங்கேயே இருப்பார். இரவு பத்து மணிக்குப் பசி வயிற்றைக் கிள்ளும். தெரிந்தவர் ஒருவர் கொடுத்திருந்த அப்பளங்களில் நான்கைத் தகரத் துண்டின்மேல் வாட்டி, போவ்ரில் என்னும் இறைச்சிச் சாற்றுக் கோப்பையோடு உண்டுவிட்டு மீண்டும் புத்தகத்தைத் திறப்பார். இவ்வாறு 1921இல் எம்.எஸ்ஸி., 1923இல் டி.எஸ்ஸி. பட்டங்களைப் பெற்றார். ‘ரூபாயின் சிக்கல்’ என்னும் பேராய்வு நான்கு அப்பளத்தின் வலிமையில் எழுதப்பட்டது. அந்நாளில் அவர் தங்கிய கிங் ஹென்றி சாலை 10ஆம் எண் வீட்டை 2015இல் மகாராட்டிர அரசு விலைக்கு வாங்கி நினைவிடம் ஆக்கியுள்ளது.

அவர் அங்கே பசித்திருந்த காலத்தில் பம்பாயில் இரமாபாய் அம்மையாரும் வறுமையோடுதான் குடும்பம் நடத்தினார். படிக்கப் போனவரின் பசியை நூல்கள் எழுதி வைத்திருக்கின்றன. அனுப்பிவைத்தவரின் பசி அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்கள் அதனை எழுதாமலே அறிவார்கள்.

அண்ணலுக்குப் பின்னர் வந்த மற்றொருவரையும் நினைவுகூர்தல் கடமை. கேரளத்தின் உழவூரில் பிறந்த கே. ஆர். நாராயணன் பள்ளிக்கு நாள்தோறும் கல் கணக்காக நடந்தவர். கட்டணம் கட்டாததால் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டவர். 1945இல் ஜே. ஆர். டி. டாட்டா அளித்த உதவியால் இலண்டன் பொருளாதாரப் பள்ளி சென்று, பேராசிரியர் ஹெரால்டு லாஸ்கியிடம் பயின்று, 1948இல் முதல் வகுப்பில் தேறினார். அவர் வாழ்ந்த இலண்டன் எத்தகையது? உலகப் போர் முடிந்த நேரம். வெண்ணெய், இறைச்சி, துணி எல்லாம் ரேஷன். போர்க்காலத்தில்கூட அளவிடப்படாத ரொட்டி 1946 ஜூலை முதல் 1948 ஜூலை வரை ரேஷனில் வந்தது. 1947இன் தொடக்கத்தில் பனி கொட்டி, நிலக்கரி கிடைக்காமல், மின்சாரமும் தடைப்பட்டது. உலகை ஆண்ட நாட்டு மக்களும் ரேஷன் புத்தகத்தோடு வரிசையில் நின்ற அக்காலத்தில்தான் நம்மவர் ஒருவர் அங்கே படித்து முடித்தார். 1997இல் அவர் குடியரசுத் தலைவரானார்.

புறப்படும் பிள்ளைகளுக்கு

இனி, புறப்பட நினைக்கும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் என்ற முறையில் சில சொற்கள். சென்னைக்குப் போனாலும் சிட்னிக்குப் போனாலும் இவை பொருந்தும்.

ஆவணங்கள் பள்ளியில் தொடங்குகின்றன. மாற்றுச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஓர் எழுத்து வேறு, சாதிச் சான்றிதழில் தந்தை பெயர் வேறு என்றிருந்தால் கடவுச்சீட்டு பெறும்போது மாதக்கணக்கில் அலைய நேரும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகும் முன்பே பெயரையும் பிறந்த நாளையும் பெற்றோர் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். தலைமையாசிரியரிடம் கேட்கத் தயங்க வேண்டா. அது அவர் கடமை.

சமைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளைகளுக்கே இதை அழுத்திச் சொல்கிறோம். சோறு வடிக்கவும் ஒரு குழம்பு வைக்கவும் தெரிந்தவன் எந்த நாட்டிலும் பாதிச் செலவில் வாழ்வான். துணி துவைக்கவும் கழிப்பறை கழுவவும் தெரிந்திருத்தல் வேண்டும். அங்கே எல்லோரும் அவரவர் வேலையை அவரவரே செய்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக உழைத்த நமக்கு அதில் இழிவு ஏது?

கேட்கப் பழகுங்கள். வழி தெரியாவிட்டால் கேளுங்கள். பாடம் விளங்காவிட்டால் எழுந்து கேளுங்கள். கைகட்டி நிற்பதை இங்கே பணிவு என்பார்கள். அங்கே அதை ஆயத்தமின்மை என்று கொள்வார்கள். முதல் மூன்று திங்கள் எல்லாம் அந்நியமாகத் தோன்றும். அது உங்கள் குறையன்று. எந்த நாட்டிலிருந்து வந்த மாணவனுக்கும் அதுவே இயல்பு. அந்த மூன்று திங்களில் ஊர் திரும்பும் முடிவை மட்டும் எடுக்காதீர்கள்.

கடல் கடந்தால் சாதி கரைந்துவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள். நம் நாட்டவர் செல்லும் இடமெல்லாம் அதுவும் பெட்டியில் செல்கிறது. அமெரிக்காவின் பிராண்டீஸ் பல்கலைக்கழகம் 2019இலும், கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இலும் சாதிப் பாகுபாட்டைத் தம் விதிகளில் தடை செய்தன. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சட்டமே இயற்றியது. நோய் இல்லாத இடத்தில் மருந்து எதற்கு? அங்கே எவரேனும் உங்கள் குலம் விசாரித்தால் கூசிக் குறுகாதீர்கள். பொய்ப் பெயர் சொல்லாதீர்கள். பரோடாவில் பொய்ப் பெயர் எழுத நேர்ந்தவர் நமக்காகவே சட்டம் எழுதினார். நாம் நம் பெயரையே எழுதலாம்.

பணத்துக்கு வழி உண்டு. 1954-55 முதல் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டம் நடைபெற்று வருகிறது. 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, விண்ணப்பிப்போர் 35 வயதுக்கு உட்பட்டும், தகுதித் தேர்வில் 60 விழுக்காடு பெற்றும், குடும்ப ஆண்டு வருமானம் 8 இலட்சம் ரூபாய்க்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர் அயல்நாட்டில் உயர்கல்வி பெற உதவுகிறது. விதிகள் மாறக்கூடியவை; அறிவிப்பைப் படித்து நாள் தவறாது விண்ணப்பியுங்கள்.

அந்த 2022ஆம் ஆண்டு விதிகளில் ஒன்றைப் பற்றி நாம் வாளாவிருத்தல் தகாது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் குறித்த ஆய்வுகளுக்கு இவ்வுதவி இல்லை என்று அப்போது சேர்க்கப்பட்டது. அவ்வாறாயின், 1916இல் அண்ணல் கொலம்பியாவில் படித்தாரே இந்தியச் சாதிகள் பற்றிய கட்டுரை, அப்பொருளை ஆராயப் புறப்படும் நம் பிள்ளைக்கு அவ்விதியில் இடம் எங்கே? மன்னர் ஒருவர் கொடுத்த பணத்தில் அண்ணல் எழுத முடிந்ததை, மக்களாட்சியின் பணத்தில் அவர் பேரப்பிள்ளைகள் எழுத இயலாமல் போகலாமா? பொறியியலும் மருத்துவமும் படிப்போம், வேண்டாமென்று சொல்லவில்லை. நம் வரலாற்றை நாமே படிக்கும் உரிமையையும் கேட்டுப் பெறுவோம்.

இறுதியாக

சிதம்பரத்துக்கும் அயல்நாட்டு மாணவர்கள் வந்திருக்கிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இலங்கை, மலேயா போன்ற நாடுகளிலிருந்து வந்து பயின்றோர் உண்டு. நம் தேநீர்க் கடையில், நம் பேருந்தில் வழி தெரியாமல் விழிக்கும் புது முகம் ஒன்றைக் கண்டால் நின்று வழி சொல்லுங்கள். அவன் அயல்நாட்டானாக இருக்கலாம். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் காலனியிலிருந்து முதன்முதலாக வந்த நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். இருவருக்கும் தேவை ஒன்றே: நீயும் இங்கே இருக்கலாம் என்று சொல்லும் ஒரு முகம்.

கழகத்தார்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் மூன்று. உயர்கல்விக்குச் செல்லும் ஒவ்வொரு பிள்ளைக்கும், முன்பே அவ்வழி சென்ற நம்மவர் ஒருவரை முதல் மூன்று திங்களுக்குத் துணையாக அமர்த்துங்கள். அவர் வாரம் ஒருமுறை பேசினால் போதும். முதல் மாதச் செலவுக்கென ஒரு சிறு நிதியை ஒதுக்கி வையுங்கள். உதவித்தொகை வந்து சேரும்வரை உள்ள அந்த நாட்களில்தான் பிள்ளைகள் ஒடிகிறார்கள். இவ்விரண்டிலும் சரிபாதி பெண்பிள்ளைகளுக்கென்று எழுதி வையுங்கள்.

போகும் பிள்ளைகள் போய் வாருங்கள் என்றே சொல்வோம். தமிழில் ‘போ’ என்று தனியே சொல்லி எவரையும் வழியனுப்புவதில்லை. உடலால் திரும்பாவிடினும், உங்களுக்கு அடுத்து வருபவனுக்கு ஒரு கடிதமாக, ஒரு கட்டணமாக, ஒரு வழித்துணையாகத் திரும்பி வாருங்கள். நாளைப் போவேன் என்று நந்தனார் சொன்ன நாள் கழிந்தது. இன்று போகிறேன் என்று சொல்லும் பிள்ளைகள் நம் ஒவ்வொரு தெருவிலும் எழுவார்களாக!